கொக்கின் பெயரில் ஒரு நாரைச் செடி

கார்த்திகை மழை ஓய்ந்ததும் நெடுஞ்சாலை ஓரத்து நர்சரிகளில் ஒரு செடி வரிசை கட்டி நிற்கும். வட்டமான, ஓரம் நெளிந்த இலை. இலை நடுவே பழுப்பு வளையம். நீண்ட காம்பின் நுனியில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உருண்டு திரண்ட பூக்கொத்து. கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி ஆரம்பாக்கம் வரைக்கும், எல்லைக்கு அப்பால் தடாவிலும் கேட்டுப் பாருங்கள், அதற்கு ஒரே பெயர்தான்: ஜெரேனியம். சிலர் வாயில் ஜெரானியம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் எங்கள் ஆரம்பாக்கம். முருங்கைக்கு இங்கே இரண்டு பெயர் உண்டு, புளிக்கு இரண்டு பெயர் உண்டு. இந்தச் செடிக்கு மட்டும் இரண்டு மொழிக்கும் சேர்த்து ஒரே சொல்.

அந்தச் சொல்லுக்குள் இருநூற்று ஐம்பது ஆண்டுக்கு மேலான பிழை ஒன்று இருக்கிறது. வாங்கி வந்த ஜெரேனியம் பங்குனிக்குள் பட்டுப்போவதற்கு வெயில் பாதிக் காரணம் என்றால், அந்தப் பெயர்ப் பிழை மீதிக் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே சொல்லை முதலில் பார்த்துவிட்டுச் செடிக்கு வரலாம்.

சொல்லின் முதல் எழுத்தே ஒரு செய்தி சொல்கிறது. மூலச் சொல் கிரேக்கம். அங்கே அது ‘கெரனியோன்’. கிரேக்கரின் ககரம் இலத்தீன் எழுத்தில் ஏறி ஆங்கில வாய்க்குள் வந்தபோது ஜகரம் ஆயிற்று. நாம் ஜகரத்தோடு சொல்கிறோம் என்றால், சொல் நமக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்தது என்று பொருள். டச்சுக்காரர் இன்றும் அதைத் தொண்டையிலிருந்து எழும் ககரம் போன்ற ஒலியோடுதான் சொல்கிறார்கள்.

டச்சுக்காரரை இங்கே இழுக்கக் காரணம் உண்டு. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே விரிந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. பாக்கம் என்பதே நெய்தல் நிலத்து ஊருக்கு நம் இலக்கணங்கள் சொல்லும் பெயர். நீர்க்கரை ஊர் என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. அந்த ஏரியின் தென்கோடியில், பழவேற்காட்டில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுதான். கடைசியாக 1825இல் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். செதுக்கிய கல்லறைகள் நிற்கும் அவர்களுடைய இடுகாடு இன்றும் அங்கே இருக்கிறது. அவர்கள் விட்டுப்போன சொற்களும் இருக்கின்றன: சென்னைப் பேச்சில் துட்டு, யாழ்ப்பாணத்தார் அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோர். ஆனால் ஜெரேனியம் அவர்கள் வழியாக வரவில்லை. ஐரோப்பாவுக்கு இந்தச் செடியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு அதே கம்பெனிக் கப்பல்களுக்கு என்றாலும், தமிழுக்கு அந்தப் பெயரைத் தந்தது மலைவாசத்தலங்களில் பங்களா கட்டிய ஆங்கிலேயரின் பேச்சு.

இனி, பெயரின் பொருள். கெரனோஸ் என்றால் கிரேக்கத்தில் கொக்கு. நம்மூர் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கைச் சொல்லவில்லை. கூட்டமாக வானில் வரிசை கட்டிப் பறக்கும் பெருங்கொக்கு. பூவிதழ் உதிர்ந்தபின், கிரேக்கர் அறிந்த பூண்டின் காய் நீண்டு, நுனி கூர்ந்து, பறவையின் தலையும் அலகுமாகவே தெரியும். அதைப் பார்த்துக் கொக்கின் பெயரை வைத்துவிட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் மூலிகை நூல் எழுதிய தியாஸ்கோரிதிஸ் ‘கெரனியோன்’ என்ற பெயரைக் குறிக்கிறார்; ஆக, சொல்லுக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம்.

இப்படிப் பெயர் வைப்பது நமக்கு அயலானதா என்ன? காயின் நுனி வளைந்திருப்பதைப் பார்த்துக் கிளிமூக்கு மாங்காய் என்கிறோம். கோழிக்கொண்டை என்கிறோம், மயில்கொன்றை என்கிறோம். ஆம்பலின் கூம்பிய பூவைக் கொக்கின் முதுகோடு ஒப்பிட்டிருக்கிறார் ஓரம்போகியார், குறுந்தொகையின் 122ஆம் பாட்டில். தமிழ்ப் புலவர்கள் இதே வழியில் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. கிரேக்கன் காயைப் பார்த்துப் பறவையை நினைத்தான். கபிலர் குருகின் மெல்லிய காலைப் பார்த்துத் தினைத்தாளை நினைத்தார். அது குறுந்தொகை 25. சத்திமுற்றப் புலவர் நாரையின் அலகைப் பார்த்துப் பிளந்த பனங்கிழங்கை நினைத்தார். மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு அவர் பாடிய அந்தத் தனிப்பாடலின் நாரைக்கு இந்தக் கட்டுரையில் இன்னொரு வேலை இருக்கிறது; சற்றுப் பொறுங்கள்.

ஐரோப்பியர் நெடுங்காலம் ஜெரேனியம் என்று அறிந்தது அவர்களுடைய காட்டோரங்களிலும் புல்வெளிகளிலும் வளர்ந்த சிறு பூண்டுகளைத்தான். பதினேழாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து புதுச் செடிகள் வரத் தொடங்கின. கிழக்கே வாணிபத்துக்குப் போன கப்பல்கள் நன்னம்பிக்கை முனையில் தண்ணீரும் காய்கறியும் ஏற்றும். 1652இல் டச்சுக் கம்பெனி அங்கே நிலையாகக் குடியேறியும் விட்டது. கப்பலில் வந்த மருத்துவர்களும் மாலுமிகளும் கிழங்கும் விதையும் எடுத்துப் போனார்கள். முதலில் புகழடைந்தது இரவில் மணக்கும் ஒரு வகை. ஜான் டிரேட்ஸ்கன்ட் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் 1631இல் பாரிஸிலிருந்து அதை வாங்கினார். இரண்டாண்டு கழித்து, 1633இல், தாமஸ் ஜான்சன் திருத்தி வெளியிட்ட ஜெரார்டின் மூலிகை நூலில் அது எந்தப் பெயரில் ஏறியது தெரியுமா? ‘இரவில் மணக்கும் இந்திய ஜெரேனியம்’. இந்தியாவிலிருந்து திரும்பிய கப்பலில் வந்ததால் செடியும் இந்தியச் செடி ஆகிவிட்டது. நம் நாட்டு மண்ணை அது மிதித்திருக்கவே இல்லை.

காய் கூர்ந்திருந்ததால் அதுவும் ஜெரேனியம்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஐயம் வந்தது. பழைய ஜெரேனியத்தில் ஐந்து இதழும் ஒன்றுபோல் சுற்றி நிற்கும். ஆப்பிரிக்கச் செடியில் மேலிதழ் இரண்டு ஒரு மாதிரி, கீழிதழ் மூன்று வேறு மாதிரி. மேலிதழ்களுக்குப் பின்னால் ஒரு தேன்குழல், பூக்காம்போடு ஒட்டியபடி கீழே இறங்கும். 1732இல் தில்லேனியஸ் என்ற தாவரவியலார் இதைச் சொல்லி, இவற்றைப் பெலர்கோனியம் என்று பிரிக்கலாம் என்றார். 1738இல் ஆம்ஸ்டர்டாமில் யோகன்னஸ் பர்மன் அதே பெயரை எடுத்தாண்டார்.

பர்மன் நமக்கு அந்நியர் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டு, 1737இல், இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டவர் அவர். அந்த நூலுக்கு அடிப்படைகளில் ஒன்று பவுல் ஹெர்மன் சேர்த்த உலர்செடித் தொகுப்பு. ஹெர்மன் 1672இல் டச்சுக் கம்பெனியின் மருத்துவராகக் கொழும்புக்கு வந்தவர். வழியில் நன்னம்பிக்கை முனையிலும் செடி சேர்த்தார். பிறகு லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் தலைவரானார். கொழும்பில் இலவங்கத்தையும் முனையில் ஜெரேனியத்தையும் ஒரே கை பறித்திருக்கிறது. பழவேற்காட்டில் துணி ஏற்றிய கம்பெனியின் சம்பளம் வாங்கிய கை அது.

பிரித்துவிட்ட பெயரை மீண்டும் குழப்பியவர் லின்னேயஸ். 1753இல் அவர் வெளியிட்ட தாவரப் பெரும்பட்டியலில் எல்லாவற்றையும் ஜெரேனியம் என்ற ஒரே பேரினத்துக்குள் அடைத்தார். உலகமே அந்தப் பட்டியலைப் பின்பற்றியது. பிரெஞ்சுக்காரரான லெரித்தியே 1789இல் கூட்டத்தை மறுபடி மூன்றாகப் பிரித்தார்: கொக்கின் பெயர் கொண்ட ஜெரேனியம், நாரையின் பெயர் கொண்ட பெலர்கோனியம், குருகின் பெயர் கொண்ட எரோடியம். அறிவியல் அன்றே தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால் நடுவில் கழிந்த முப்பத்தாறு ஆண்டுகளில் செடி எண்ணற்ற ஜன்னல் திட்டுகளுக்கும் தொட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்து, ஜெரேனியம் என்று வீட்டுப் பெயர் பெற்றுவிட்டது. நர்சரியில் நாம் கேட்டு வாங்குவது லின்னேயஸின் பட்டியலில் தங்கிப்போன அந்தப் பெயரைத்தான். கையில் கிடைப்பது பெலர்கோனியம்.

பெலர்கோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வருவோம். அது வெண்ணாரை. உடம்பு வெள்ளை, இறக்கையின் கடைக்கோடி கறுப்பு, காலும் அலகும் சிவப்பு. கருமையும் வெண்மையும் சேர்ந்தது என்பதே அந்தச் சொல்லின் பகுதிகளுக்குப் பழையவர்கள் சொன்ன பொருள். வயதான தாய் தந்தையரை அந்தப் பறவை ஊட்டிக் காக்கும் என்று நம்பிய கிரேக்கர், பெற்றோரைப் பேணும் கடமையையே நாரையின் சட்டம் என்றழைத்தார்கள்.

அது குளிர்காலத்தில் மட்டும் நம் நாட்டுக்கு வந்து, வேனில் தொடங்கும்போது வடக்கே திரும்பும் பறவை. பவள நிற அலகு, சிவந்த கால், துணையோடு குமரிமுனை வரை வந்து நீராடி வடதிசைக்கு மீளும் வழக்கம் என்று சத்திமுற்றப் புலவர் தரும் அடையாளங்களை வைத்து, அவர் விளித்த செங்கால் நாரை இதுவே என்று பறவை அறிந்தவர்கள் பலர் முடிவு செய்திருக்கிறார்கள். அதை ஏற்றால், நம் தொட்டியில் இருக்கும் செடியின் சரியான பெயர் தமிழில் ஏற்கெனவே பாடப்பட்ட பறவையின் பெயர். பெலர்கோனியம் என்ற சொல்லை வாய்க்கு வராத அந்நியச் சொல் என்று தள்ளுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அது செங்கால் நாரைச் செடி.

மூன்று பேரினத்துக்கும் நம்மிடம் மூன்று சொல் இருக்கிறது. கொக்கு, நாரை, குருகு. மூன்றுமே சங்கப் பாட்டில் பழகியவை. பேச்சில் இன்று நாரை என்ற சொல் பலவற்றுக்குப் பொதுவாகிவிட்டது. பழவேற்காட்டில் பூநாரை என்பது நாரையே அல்லாத பறவை, நத்தைக்குத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் உண்மையான நாரைகள், சாம்பல் நாரையோ குருகு இனம். பறவையில் நாம் செய்த கலப்பைத்தான் செடியில் லின்னேயஸ் செய்தார். கலைச்சொல் வேண்டுமென்றால் ஜெரேனியத்தைக் கொக்கலகு, பெலர்கோனியத்தை நாரையலகு, எரோடியத்தைக் குருகலகு என்று எழுதலாம். கிரேக்கம் காட்டிய வேறுபாடு ஒன்றும் சிதறாமல் தமிழில் நிற்கும்.

இதனால் தோட்டக்காரருக்கு என்ன பயன்? உண்மையான ஜெரேனியம், அதாவது கொக்கலகு, தமிழ்நாட்டில் காட்டுச் செடியாகவே இருக்கிறது. நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்வெளி ஓரங்களில் படரும் ஜெரேனியம் நேபாளென்ஸ் என்ற சிறுபூண்டு அது. ஊட்டிக்கு வருகிறவர்கள் தொட்டியில் உள்ள சிவப்புப் பூவை ஜெரேனியம் என்று படமெடுத்துக்கொண்டு, காலடியில் உள்ள அசல் ஜெரேனியத்தை மிதித்துப் போவார்கள். அந்த இனத்துக்குக் குளிர் வேண்டும், மண்ணில் ஈரம் வேண்டும். அதன் உறவான தோட்ட வகைகளைத் தூர் பிரித்து நட்டுப் பெருக்குவார்கள். குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் ஜெரேனியம் என்ற தலைப்பின் கீழ் ஈர நிழல், தூர் பிரித்தல் என்றெல்லாம் எழுதியிருப்பது அதற்கான குறிப்பு. அதைப் படித்துவிட்டு நாரையலகுக்குத் தண்ணீர் ஊற்றினால் செடி அழுகிப் போகும். நாரையலகு வறண்ட சரிவுகளிலும் புதர்களுக்கிடையிலும் வளர்ந்த மரபு. தண்டில் சதைப்பற்று உண்டு. தண்ணீரைத் தானே சேமித்துக்கொள்ளும். தொட்டிச் செடியின் பெற்றோர் இரண்டு: இலை வளையத்தால் சோனேல் என்று பெயர் பெற்றது ஒன்று, கறைபடுத்துவது என்று பொருள்படும் இன்குவினான்ஸ் மற்றொன்று. இரண்டும் தென்னாப்பிரிக்கச் செடிகள்.

ஆரம்பாக்கத்தில் இந்தச் செடிக்கு எதிரிகள் மூன்று: சித்திரை வெயில், ஐப்பசி மழை, உப்புத் தண்ணீர். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஏரியும் கடலும் அருகே இருக்கும் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். தொட்டிக்குள் அது தங்கித் தங்கி, இலையின் ஓரம் கருகத் தொடங்கும். பிடித்து வைத்த மழைநீர் கிடைத்தால் இந்தச் செடிக்கென்று ஒரு குடம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் மாதத்துக்கு ஒரு முறை, அடித்துளை வழியே வழிந்தோடும்வரை தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிட வேண்டும்.

சிமென்ட் தொட்டியைவிட மண்தொட்டி நல்லது; சுவர் வழியே ஈரம் மூச்சுவிடும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவை மட்டுமே நிரப்பித் தருகிற நர்சரிச் செடியை வாங்கினால், வந்த சில நாளில் மண் மாற்றிவிடுங்கள். நார்க்கழிவு மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் கிடந்து ஏமாற்றும். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். தழைச்சத்து கூடினால் இலை தழைக்கும், பூ வராது. காலை வெயில் நேராகப் படும் கிழக்குத் திண்ணை சரியான இடம். மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரோரம் வைத்தால் தை முடியும் முன்பே வாடத் தொடங்கிவிடும்.

பூத்து முடிந்த கொத்தைக் காம்போடு, அது தண்டில் சேரும் கணுவில் ஒடித்து எடுத்துவிடுங்கள். அடுத்த கொத்து விரைவில் வரும். ஒற்றை அடுக்கு இதழ் உள்ள செடியாக இருந்தால் ஒரே ஒரு கொத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்வேன். காய் பிடித்தால் பெயரின் பிறப்பைக் கண்ணால் பார்க்கலாம். அலகு நீளும், முதிரும், பிறகு ஐந்தாகப் பிரிந்து ஒவ்வொரு விதையும் திருகிய, இறகுபோல் மயிர் விரிந்த வாலோடு காற்றில் கிளம்பும். ஈரம் பட்டால் அந்தத் திருகல் அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அப்படிச் சுழன்றே விதை மண்ணுக்குள் இறங்கும். தோட்ட வகைகள் பெரும்பாலும் கலப்பினம் என்பதால் அந்த விதை தாயைப் போன்ற செடியைத் தராது. 1960களில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிரெய்க் விதையிலிருந்து ஒரே சீராக வளரும் நிட்டனி லயன் என்ற வகையை உருவாக்கிய பிறகுதான் விதை ஜெரேனியம் என்ற ஒன்று கடைக்கு வந்தது. அதற்கு முன்னும், நம் வீடுகளில் இப்போதும், பெருக்கும் வழி தண்டு ஒடித்து நடுவதுதான்.

முருங்கைக்கும் பூவரசுக்கும் நாம் போத்து நடுகிறோம். அந்தச் சொல்லையே இதற்கும் ஆளலாம், அளவுதான் சிறியது. ஆரம்பாக்கத்தில் போத்து எடுக்கும் காலம் தை, மாசி. மழை போயிருக்கும், இரவில் குளிர் இருக்கும், செடி உயிர்ப்போடு இருக்கும். பங்குனி தாண்டினால் வேர் விடுவதற்குள் வெயில் உறிஞ்சிவிடும். பூ இல்லாத, விரலால் வளைத்தால் சற்று விறைப்பாகத் தெரியும் நுனித் தண்டைத் தேர்ந்து, நான்கு அங்குல நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். கத்தியைச் சாராயத் திரவத்தால் துடைத்துவிட்டு வெட்டுவது நல்லது. தண்டழுகல் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கத்தி வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. மேலே இரண்டு மூன்று இலையை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இலையடியில் ஒட்டியிருக்கும் சிறு செதில்களையும் கிள்ளிவிட வேண்டும், அழுகல் அங்கேதான் தொடங்கும். மொட்டு இருந்தால் இரக்கப்படாமல் கிள்ளுங்கள்.

இனிச் செய்வதுதான் மற்றச் செடிகளுக்குச் செய்வதற்கு நேர்மாறானது. வெட்டிய போத்தை உடனே நடக் கூடாது. கள்ளியை ஒடித்துப் போட்டுவைத்து நடுவது போல, நிழலில் சில மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு, கிடத்திவைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். பிறகு மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்த சிறு தொட்டியில் ஒன்றரை அங்குலம் ஊன்றி, ஒரு தடவை தண்ணீர் விட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ரோஜாப் போத்துக்குச் செய்வதைப் போலப் பிளாஸ்டிக் உறை மூட வேண்டாம். உள்ளே ஈரம் தேங்கினால் தண்டின் அடி கறுத்து மசிந்துவிடும். பூஞ்சை போன்ற பித்தியம் என்ற நுண்ணுயிர் செய்யும் அந்த நோய்க்கு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் கருங்கால். செங்கால் நாரையின் பெயர் கொண்ட செடிக்கு அதுதான் பெரும்பகை. மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளித்து வந்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். புது இலை விரிவது அதற்கு அறிகுறி. நான்கைந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை உடையும்.

வைகாசியில் தாய்ச் செடி பட்டுப்போனாலும் தையில் எடுத்த போத்துகள் கையில் இருக்கும். அவற்றை நிழல்வலைக்குக் கீழே, பூவை எதிர்பார்க்காமல், உயிரோடு வைத்திருப்பதுதான் கோடையின் வேலை. ஐப்பசியில் மழை கொட்டத் தொடங்கும் முன் தாழ்வாரத்துக்கு ஏற்றிவிட்டால் மார்கழியில் பூக்கும். நாரையைப் போலக் குளிர்காலத்து விருந்தாளி என்று இதைக் கொண்டால் இந்த ஊரில் வளர்க்க முடியும்.

பூவுக்கு வளர்ப்பது ஒரு கிளை. மணத்துக்கு வளர்ப்பது மற்றொன்று. ரோஸ் ஜெரேனியம் என்று விற்கும், இலை ஆழமாகப் பிளந்த செடி அது. பட்டியல் பெயர் பெலர்கோனியம் கிரேவியோலென்ஸ், கடுமணம் உடையது என்று பொருள். பயிராக வளர்ப்பது விதை பிடிக்காத கலப்பினம் என்பதால் தோட்டத்துக்குத் தோட்டம் போனதெல்லாம் போத்துதான். சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், 1903இல் ஒரு பிரெஞ்சுத் தோட்ட முதலாளி இதைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பரவியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் நிலையம் கே.கே.எல்.1 என்ற ரகத்தையும் வெளியிட்டது. ஒரு டன் தழையை வடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய். வாசனைச் சந்தையில் பெயர் பெற்ற ரகம் போர்போன். ரீயூனியன் தீவின் பழைய பெயர் அது. நம் தமிழர் கரும்புக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே தீவு. சமவெளியில் இந்தச் செடிக்கு மழைக்காலம்தான் கண்டம். இலக்னோவில் உள்ள சீமாப் நிறுவனத்தார் மலிவான கூரைக் குடிலில் தாய்ச் செடிகளை மழையிலிருந்து காத்து, குளிர்காலத்தில் போத்து எடுத்து நடும் முறையை வட இந்திய உழவர்களிடம் கொண்டுசேர்த்தார்கள். ஆரம்பாக்கத்துத் தாழ்வாரத்தில் நாம் செய்யச் சொன்னதும் அதே முறைதான்.

மணத்தின் பெயரிலும் பிழை தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘இந்திய ஜெரேனிய எண்ணெய்’ என்று ஒன்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்து செங்கடல் வழியே துருக்கிக்குப் போய், அங்கே ரோஜா அத்தரோடு கலக்கப்பட்டது. அதை வடித்தது எந்த ஜெரேனியத்திலிருந்தும் அன்று. மத்திய இந்தியாவின் பாமரோசா என்ற வாசனைப் புல்லிலிருந்து. 1871இல் ஆஸ்கர் யாக்கப்சன் என்ற ஜெர்மானிய வேதியியலார் அந்த எண்ணெயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, எண்ணெயின் விற்பனைப் பெயரை நம்பி அதற்கு ஜெரேனியால் என்று பெயரிட்டார். இன்று சோப்பிலும் சென்ட்டிலும் அச்சிட்டிருக்கும் ஜெரேனியால் என்ற சொல், கொக்கின் பெயரைத் தவறாகப் பெற்ற செடியின் பெயரைத் தவறாகப் பெற்ற நம் நாட்டுப் புல்லின் வழியாக வந்தது. 1633இல் ஆப்பிரிக்கச் செடிக்கு இந்தியப் பெயர், 1871க்கு முன்பே இந்தியப் புல்லுக்கு ஆப்பிரிக்கச் செடியின் பெயர். இரண்டுக்கும் கப்பல்தான் காரணம்.

கடைசியாகப் பிறந்த பெயர் ‘கொசுச் செடி’. எலுமிச்சை மணம் வீசும் ஒரு பெலர்கோனியத்தை, வாசலில் வைத்தால் கொசு வராது என்று சொல்லி விற்கிறார்கள். ஏரிக்கரை ஊரில் அதை வாங்க ஆள் இருப்பது இயல்பு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் இதைத் திறந்தவெளியில் சோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள்: செடியின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைக் கொசு வழக்கம்போலவே கடித்தது. மணம் இலையின் மேலுள்ள மயிர்ச் சுரப்பிகளுக்குள் அடங்கியிருக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் செடியை நம்பிக் கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள். இலையைக் கசக்கி முகர்வதற்காக வாங்குங்கள், அதற்கு இது தகும். வெட்டி, ஓர் இரவு காயவிட்டு, மணலில் ஊன்றும் முறை இதற்கும் அதேதான்; தொட்டிப் பூச்செடியை விட எளிதாகவே வேர் பிடிக்கும்.